ரத்தத்தில் இல்லையென்றால் நோய் இல்லையா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 21. தூக்கம் போய், சம்பந்தமில்லாமல் பேசினாள். அப்புறம் வலிப்பும் வந்தது. என்எம்டிஏ ஆன்டிபாடிக்கான ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’. ஆனாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அம்மா பயப்படுகிறார். அவசியமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசியம்தான் அம்மா. டாக்டர் சந்தேகிப்பது என்எம்டிஏ மூளையழற்சி: உடலின் எதிர்ப்புப் பொருளான ஆன்டிபாடி, மூளை நரம்புச் செல்களில் உள்ள என்எம்டிஏ என்ற ஏற்பியையே தாக்கும் நோய். 2007-ல் நரம்பியல் மருத்துவர் டால்மாவ் குழுவினர் அடையாளம் காட்டிய இந்த நோயில், ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. தண்டுவட நீரில்தான் அகப்படும். லேபில் அந்த ஏற்பியைத் தாங்கும்படி வளர்த்த செல்கள்மேல் நீரின் சில துளிகளை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லைச் சுற்றிப் பச்சை விளிம்பு மின்னும். ரத்தத்தை இப்படிச் சோதிக்கும்போது மங்கலாக மின்னினால் முடிவு சொல்வது சிரமம். ரத்தத்தை மட்டும் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். இதேபோல் மூளையழற்சி தரும் எல்ஜிஐ1 என்ற இன்னொரு ஆன்டிபாடிக்கோ ரத்தம்தான் மேல். ஆகவே ரத்தம், தண்டுவட நீர் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

சிகிச்சையாக இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். அந்த மருந்தே பிறர் ரத்தத்து ஆன்டிபாடிகள்தான், முடிவைக் குழப்பிவிடும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே, இடுப்புப் பக்கம்தான் ஊசி போகும். சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சினைப்பைக்கும் ஸ்கேன் கேளுங்கள். அங்கிருக்கும் டெரட்டோமா கட்டி இந்த நோயைத் தூண்டுவதுண்டு.