ஆறு பேர் குடும்பம், ஒரே வண்டி: எம்.பி.வி.யா, எஸ்.யூ.வி.யா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 4 வயது மகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தினமும் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு நான் மட்டும் போய்வருவேன். மாதம் இரண்டு முறையாவது எல்லோரும் சேர்ந்து காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று கிளம்புவோம். வருஷத்துக்கு இரண்டு தடவை திருநெல்வேலி. ஆன்-ரோடு 16 லட்சம் வரை செலவழிக்கலாம். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அதனால் எஸ்.யூ.வி.தான் வாங்க வேண்டும் என்கிறார் மைத்துனர். எர்டிகா, கேரன்ஸ் எல்லாம் டாக்ஸி மாதிரி இருக்கும் என்கிறார் மனைவி. எதை வாங்கலாம்? கேப்டன் சீட் தேவையா?

பதில்: உங்கள் வீட்டுக்கு எம்.பி.வி.தான் (எர்டிகா, கேரன்ஸ் போல மூன்று வரிசை இருக்கை கொண்ட குடும்ப வண்டி) சரி. அதிலும் ஏழு சீட், நடு வரிசையில் மூவர் உட்காரும் பெஞ்ச் சீட். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கை மட்டும் இருக்கும் கேப்டன் சீட் வேண்டாம்.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். மினிவேன் என்றால் நம்மூரில் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும் வேன்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுக் குடும்பங்கள் ஓட்டும், சறுக்கிக்கொண்டு திறக்கும் கதவு வைத்த மினிவேன் இங்கே கியா கார்னிவல் போல ஒன்றிரண்டுதான். அதன் நீளம் 5,155 மி.மீ., அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். உங்கள் பட்ஜெட்டுக்கும் எட்டாது, மடிப்பாக்கம் குறுக்குத் தெருவுக்கும் ஆகாது. ஆகவே இங்கே போட்டி எர்டிகா, கேரன்ஸ் ரகத்துக்கும் கிரெட்டா, ஸ்கார்ப்பியோ ரகத்துக்கும்தான்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான எண் 16 லட்சம் அல்ல, 6. ஐந்து சீட் எஸ்.யூ.வி. வாங்கினால் நான்கு வயதுக் குழந்தை யார் மடியிலாவது உட்காரும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள், 60 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் மடிக்குழந்தையைப் பிடித்து வைக்க யார் கைக்கும் வலு இருக்காது.

அப்படியானால் ஏழு சீட் எஸ்.யூ.வி.? அதன் மூன்றாவது வரிசையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், விஷயம் புரியும். பெரும்பாலான எஸ்.யூ.வி.களில் பின்தரை உயரமாக ஏறிவிடும், கூரையோ பின்பக்கம் சரியும். தலை இடிக்காமல் இருக்க இருக்கையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். விளைவு, முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும், தொடை இருக்கையில் படியாது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் இடுப்பு வலிக்கத் தொடங்கும். எம்.பி.வி.யில் கூரை கடைசி வரை ஒரே உயரத்தில் போகும், முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் கிரெட்டா போன்ற ஐந்து சீட் எஸ்.யூ.வி.யைவிடக் கூடுதல்: கிரெட்டாவில் 2,610 மி.மீ., எர்டிகாவில் 2,740, கேரன்ஸில் 2,780. அந்த 13 முதல் 17 செ.மீ.யில் பெரும்பகுதி உள்ளே இடமாக மாறுகிறது.

இனி கேப்டன் சீட். ஆறு சீட் வண்டியில் நீங்கள் ஆறு பேரும் ஏறினால் கடைசி வரிசையின் இரண்டு இருக்கையும் நிரம்பிவிடும். அதற்குப் பின்னால் மிச்சம் இருப்பது எர்டிகா அளவு வண்டியில் 209 லிட்டர், கேரன்ஸில் 216. கைப்பெட்டி அளவு டிராலி மூன்றை நிமிர்த்தி வைத்தால் நிறைந்துவிடும். திருநெல்வேலிக்கு ஆறு பேரின் துணிமணி, திரும்பும்போது அல்வா, ஊர் அரிசி எல்லாம் எங்கே போகும்? கூரையில் கேரியர் போட்டுக் கட்டுவீர்கள். வண்டி தலைக்கனத்தில் ஆடும், காற்று தடுத்து மைலேஜும் குறையும்.

பெஞ்ச் சீட் வண்டியில் இதே ஆறு பேரை வேறு மாதிரி உட்கார வைக்கலாம். முன்னால் நீங்களும் அப்பாவும், நடுவில் அம்மா, மனைவி, மகள், கடைசியில் மகன் மட்டும். மூன்றாவது வரிசை பாதிப் பாதியாக மடிவதால் மகன் பக்கத்து இருக்கையை மடக்கினால் பெரிய டிராலி இரண்டைப் படுக்கப் போட்டு, மேலே பைகளை அடுக்கலாம். பைகளை வலையோ பட்டையோ போட்டுக் கட்டிவிடுங்கள். பிரேக் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பது உங்கள் பையன். ஒரு சீட்டை மிச்சம் வைப்பதற்காகத்தான் ஏழு சீட் வாங்கச் சொல்கிறோம், ஏழாவது ஆளுக்காக அல்ல.

மகளின் குழந்தை இருக்கையை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை இருக்கையை மாட்ட வண்டி இருக்கையிலேயே இருக்கும் பிடிப்பு) மாட்டினால் அந்தப் பக்க இருக்கையை மடித்துக் கடைசி வரிசைக்கு வழி விட முடியாது. எனவே அதை ஓட்டுநருக்குப் பின்னால், வலப்பக்கம் மாட்டுங்கள். நடைபாதைப் பக்கமான இடது இருக்கை மடிந்து மகன் ஏற வழி கிடைக்கும். மகளை மட்டும் தெருவுக்கு வருமுன், பார்க்கிங்கிலேயே ஏற்றிவிட வேண்டும். 9 வயதுப் பையனுக்கு பெல்ட் கழுத்தை அறுக்கிறதா, தோளில் படிகிறதா என்று பாருங்கள். கழுத்தில் பட்டால் பூஸ்டர் இருக்கை அவனுக்கும் தேவை.

அப்பாவின் முழங்கால்தான் உங்கள் மைத்துனர் யோசிக்காத விஷயம். மூட்டு தேய்ந்தவருக்குத் தாழ்ந்த செடானும் கஷ்டம், ஏணிப்படி போல ஏற வேண்டிய எஸ்.யூ.வி.யும் கஷ்டம். டேப் எடுத்துப் போய் இரண்டு உயரங்களை அளந்து பாருங்கள். தரையிலிருந்து கதவுப்படி வரை 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்; தரையிலிருந்து இருக்கை விளிம்பு வரை 55 முதல் 65 செ.மீ. இருந்தால் பின்னால் திரும்பி, உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைக்கலாம். சாப்பாட்டு மேசை நாற்காலி ஏறக்குறைய 45 செ.மீ.; அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கும் இருக்கையில் உட்காரவும் எழவும் முழங்கால் குறைவாகவே மடியும். ஏணிச் சட்டத்தின் மேல் உடல் வைத்த ஸ்கார்ப்பியோ என் மாதிரி வண்டிகளில் முதலில் ஒரு காலைத் தூக்கி ஊன்றி, மொத்த எடையையும் அந்த ஒற்றை மூட்டில் ஏற்ற வேண்டும். பக்கவாட்டுப் படி போட்டாலும் இறங்கும்போது அதே வேதனைதான்.

தண்ணீர் விஷயத்தில் ஷோரூம் பேச்சை நம்ப வேண்டாம். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) கிரெட்டாவுக்கு 190 மி.மீ., கேரன்ஸுக்கு 195. எர்டிகா அவற்றைவிட ஒரு விரல் அகலம் தாழ்வு, அவ்வளவுதான். எல்லாமே காலி வண்டியின் அளவு; ஆறு பேரும் சாமானும் ஏறினால் எந்த வண்டியும் சில செ.மீ. இறங்கும். தண்ணீரில் வண்டியைக் கொல்வது கிளியரன்ஸ் குறைவு அல்ல, எஞ்சின் மூச்சு இழுக்கும் குழாய். அதில் தண்ணீர் போனால் சிலிண்டரில் காற்றைப்போல் அது அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எதிரே எம்.டி.சி. பேருந்து வந்தால் எழும் அலை, நின்ற தண்ணீரைவிட ஒரு சாண் உயரும்.

அளவு ஒன்று சொல்கிறோம். சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீர் என்றால் இறங்கவே கூடாது. எர்டிகாவின் 185/65 ஆர்15 டயருக்கு அது 31 செ.மீ. கிரெட்டாவின் 215/60 ஆர்17 டயருக்கு 34.5 செ.மீ. சில லட்சம் கூடக் கொடுத்து வாங்கும் 'வெள்ளப் பாதுகாப்பு' மூன்றரை செ.மீ.! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்ககங்களில் மிதந்த கார்களுக்கு எந்த ரகம் என்ற வித்தியாசம் இருக்கவில்லை. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததுமே மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறார்களே, அதுதான் விவரமான வேலை. கூடவே இன்சூரன்ஸில் எஞ்சின் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பான எஞ்சின் புரொடெக்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முழு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்தைத் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் அதற்குக் கைவிரித்துவிடுவார்கள். மூழ்கிய வண்டியில் சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எஸ்.யூ.வி. உண்மையாகவே முந்தும் இடம் ஒன்று உண்டு: மோதல் சோதனை. கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பு தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2024-ல் சோதித்த, இரண்டு ஏர்பேக் கொண்ட எர்டிகா பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. உடற்சட்டம் நிலையற்றது என்றும் குறித்தார்கள். அதே ஆண்டு கேரன்ஸ் மூன்று. எஸ்.யூ.வி.களான எக்ஸ்யூவி 700, ஸ்கார்ப்பியோ என் இரண்டும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்த சோதனைகளில் ஐந்து. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாக இருக்காது. ஏர்பேக் எண்ணிக்கையைக் கூட்டினால் உடற்சட்டம் வலுத்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நெடுஞ்சாலைப் பயணம் அதிகமுள்ள உங்களுக்கு, எம்.பி.வி.களுக்குள் கேரன்ஸையே முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். எந்த வண்டியானாலும் பதிவு செய்யும் முன் அந்த மாடலின் பாரத் என்கேப் (இந்தியாவின் மோதல் சோதனை) முடிவைத் தேடிப் படியுங்கள். மூன்றாவது வரிசையில் மூன்று முனை பெல்ட்டும் தலைச்சாய்ப்பும் உண்டா என்பதை நீங்களே இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

டாக்ஸி மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். டாக்ஸிக்காரர்கள் அதை ஏன் வாங்குகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. பழைய வண்டியாக வாங்கினால் மட்டும் இது கவலைக்குரியது: மஞ்சள் போர்டில் ஓடி, வெள்ளைக்கு மாறிய எம்.பி.வி.கள் சந்தையில் நிறைய. ஆர்.சி.யின் பழைய வரலாற்றில் மோட்டார் கேப் (டாக்ஸி) என்று இருந்ததா என்று கேளுங்கள்.

பார்க்கிங்குக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். எர்டிகா 1,735 மி.மீ., கேரன்ஸ் 1,800, ஸ்கார்ப்பியோ என் 1,917. பக்கக் கண்ணாடிகள் தனி. அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் தூணுக்குத் தூண் அளந்து, அதில் வண்டி அகலத்தைக் கழியுங்கள். அப்பா ஏறும் பக்கம் கதவு திறக்க 70 செ.மீ.யாவது வேண்டும். இல்லையென்றால் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திய பிறகே அவரை ஏற்ற முடியும், மழையிலும்.

பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கு ஆயுள் வரி, வண்டி விலை 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. உங்கள் 16 லட்சத்தில் வரியும் இன்சூரன்ஸும் போக ஷோரூம் விலை சுமார் 13 லட்சத்துக்குள் நிற்க வேண்டும். 10 லட்சத்தை ஒட்டிய வேரியன்ட் என்றால் கவனம்: 9.9 லட்சத்துக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.1 லட்சத்துக்கு 1.82 லட்சம். விலை 20,000 ஏறினால் வரி 50,000 ஏறுகிறது. ஜி.எஸ்.டி.யிலும் ஒரு பிளவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40. ஏழு சீட்டில் டிரைபர் (4 மீட்டருக்குள் நீளம், 999 சி.சி.) இந்தச் சலுகைக்குள் வரும். ஆனால் ஆறு பேர், ஏ.சி., சாமானுடன் திருநெல்வேலிக்கு 600 கி.மீ.க்கு மேல் அந்த எஞ்சின் திணறும். மூன்றாவது வரிசை நிமிர்ந்தால் டிக்கியில் 84 லிட்டர்தான்.

சி.என்.ஜி. எர்டிகா அலுவலகப் போக்குவரத்துக்கு மலிவு. சிலிண்டர் டிக்கியில் உட்காருவதால் உங்களுக்கு வேண்டாம்.

டெஸ்ட் டிரைவுக்கு ஆறு பேருமாகப் போங்கள், வீட்டு டிராலிகளோடு. ஷோரூமில் மூன்றாவது வரிசையைக் காட்டும்போது நடு இருக்கையை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். முதலில் ஓட்டுநர் இருக்கையை உங்களுக்குச் சரிசெய்து, பிறகு நடு வரிசையில் அம்மாவும் மனைவியும் வசதியாக அமர்ந்து, கடைசியில் மகன் ஏறட்டும். மதியம் 12 மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியைக் கேளுங்கள். ஏ.சி.யை 24-ல் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, கடைசி வரிசைக்குக் குளிர் வருகிறதா என்று அவனையே கேளுங்கள். கத்திரி வெயிலில் திண்டிவனம் வரை அழாமல் வருவானா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறைந்த வண்டியில் ஒரு மேம்பாலம் ஏறி, இரண்டாவது கியருக்கு இறக்காமல் வேகம் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். வேகத்தடையில் அடி தட்டினால் அந்தத் தடையின் உயரம் உங்கள் தெருவில் உள்ளதைவிட அதிகமா, குறைவா என்று ஒப்பிடுங்கள்.

வண்டி வந்த பிறகு ஒன்று. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் காற்றழுத்தம் இரண்டு அளவாக இருந்தால், கூடுதல் எண் முழுப் பாரத்துக்கு உரியது. ஊருக்குக் கிளம்பும் காலையில், டயர் சூடாகுமுன் பின் டயர்களில் அந்த அளவு நிரப்புங்கள். ஆறு பேர் ஏறிய வண்டியில் பின் டயர் சூடேறி வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவால்தான்.