படகில் விடிந்தாலே தலைவலி

கேள்வி: இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் வசிக்கிறோம். அக்டோபர் பள்ளி விடுமுறையில் நானும் கணவரும், 9, 4 வயதுப் பிள்ளைகளும், ஊரிலிருந்து வந்திருந்த 68 வயது மாமியாரும் (சர்க்கரை, பிரஷர் உண்டு) லங்கோலன் கால்வாயில் ஒரு வாரம் வாடகைப் படகில் இருந்தோம். குளிர் தாங்காமல் இரவு முழுக்க நிலக்கரி அடுப்பைக் கனியவிட்டு, கதவுக்கு அடியில் காற்று வரும் இடத்தைத் துண்டால் அடைத்தோம். சுவரில் ஒரு கருவி கீச் கீச்சென்று கத்தியது; கணவர் பேட்டரியைக் கழற்றிவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து எழும்போதே எல்லோருக்கும் தலைவலி, குமட்டல். கரையில் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். அத்தை இரண்டு நாள் வாந்தி எடுத்தார். ஆக்சிமீட்டரில் 98 காட்டியதால் படகு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். சின்னவன் ஒருமுறை தண்ணீரில் விழுந்து ஒரு வாய் குடித்தும்விட்டான். வீடு வந்து மூன்று வாரமாகிறது. எல்லோரும் நலம், அத்தைக்கு மட்டும் கொஞ்சம் மறதி. ஈஸ்டருக்கு மறுபடி போகும்போது குமட்டலுக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். இது படகுக் குமட்டலாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கால்வாய்களில் உச்ச வேகமே மணிக்கு 4 மைல்தான். கரையில் நடப்பவர் படகை முந்திவிடுவார். இரவில் படகைக் கரையில் கட்டிப் போட்டுத்தான் தூங்கியிருப்பீர்கள். ஆடாத படகில் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளிக்காற்று பட்டதும் சுகம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு.

கரியோ விறகோ கேஸோ டீசலோ, போதிய காற்றில்லாமல் எரிந்தால் வரும் வாயு இது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். 7 அடி அகலப் படகில் அடுப்பை அடக்கி வைத்து, காற்று வழியையும் அடைத்துவிட்டு ஐந்து பேர் படுத்திருக்கிறீர்கள். ஊட்டியில் வேலை பார்த்த நாட்களில், அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கியவர்களை விடியற்காலையில் தூக்கி வருவார்கள். சிலரை எங்களால் எழுப்ப முடியவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தத் துண்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவர்கள் முகம்தான் வந்தது.

ஆக்சிமீட்டரைக் குறை சொல்ல முடியாது. விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா இந்த வாயுவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து 98 என்று காட்டிவிடும்.

இனி மாமியார் விஷயம். 'கொஞ்சம் மறதி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அடிக்கோடிட்டுக்கொண்டது அதைத்தான். இந்த வாயு தாக்கியவர்களில் சிலர், முக்கியமாக வயதானவர்கள், நன்றாகத் தேறிய பிறகு சில நாளிலோ சில வாரத்திலோ மறதி, சிடுசிடுப்பு, நடையில் தளர்ச்சி என்று மாறுவதுண்டு. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறாரா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, காலைத் தேய்த்து நடக்கிறாரா என்று கவனியுங்கள். சர்க்கரை இறங்குவது, பிரஷர் மாத்திரையால் சோடியம் குறைவது, பி12 குறைபாடு ஆகியவையும் இப்படிக் காட்டலாம். அதனால் இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வாயு இருந்ததா என்று இப்போது ரத்தத்தில் பார்த்துப் பயனில்லை. ஒரு நாளிலேயே அது வெளியேறியிருக்கும். அதனால் அடுப்பு, துண்டு, கழற்றிய பேட்டரி எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால், வயதானால் வரும் மறதி என்று டாக்டர் விட்டுவிடக்கூடும். பலருக்கு மாதக்கணக்கில் தேறும். பயப்பட வேண்டாம், தள்ளியும் போடாதீர்கள். இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். படகுக்காரரிடமும் சொல்லுங்கள், அடுப்புப் புகைக்குழாயைச் சோதிக்கட்டும். அடுத்த குடும்பம் அதே படுக்கையில்தான் தூங்கும்.

சின்னவன் விழுந்தது பற்றி: கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும், அபூர்வமாக ஒரு மாதம் வரை ஆகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கால்வாயில் விழுந்ததைச் சொல்லி உடனே காட்டுங்கள்.

ஈஸ்டருக்குத் தாராளமாகப் போங்கள். பிள்ளைகளுக்கு மேல்தட்டில் எப்போதும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். அந்த வழியில் 1805-இல் திறந்த, கால்வாயையே சுமந்து செல்லும் 38 மீட்டர் உயரத் தொட்டிப்பாலம் வருமே, அதில் நடைபாதைப் பக்கம்தான் கம்பி உண்டு, மறுபக்கம் வெறும் விளிம்பு. அதைக் கடக்கும்வரை சின்னவன் உள்ளே இருக்கட்டும்.

குளிருக்குக் கம்பளி எடுத்துப் போங்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயவே கூடாது. காற்று வழிகளைத் தொடாதீர்கள். தங்கும் படகுகளில் 2019 ஏப்ரலிலிருந்து அங்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். உங்கள் கணவர் பேட்டரி கழற்றியது அதுவாகத்தான் இருக்கும். ஏறியதும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எப்போதாவது ஒரு கீச் என்றால் பேட்டரி தீர்கிறது, மாற்றுங்கள். விடாமல் அலறினால் அடுப்பையும் எஞ்சினையும் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் கரையில் இறங்கி 999-ஐ அழையுங்கள். நீங்களாகவும் படகுக்கென்று விற்கும் அலாரம் ஒன்று வாங்கி, அத்தை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.