போருக்குச் சொல்லப்படும் காரணங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன ஞாயிறு புதுச்சேரியில் 2003 ஈராக் போரையொட்டி நாடாளுமன்றங்களில் நடந்த விவாதங்களைப் பற்றிப் பேசினேன். நேரம் போதாமல் பல கேள்விகள் நின்றுபோயின. எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சர்வதேசச் சட்டம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் சில இடங்களில் வகுப்பு எடுப்பதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: சார், ஈராக் போருக்குச் சொன்ன காரணம் பொய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முழுக்க முழுக்கப் பொய்தானா?

பொய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் நடந்தது என்னவென்று புரியாமலே போய்விடும், அம்மா. சதாம் உசேனிடம் ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் இருக்கின்றன, அணு ஆயுதத்துக்கும் முயல்கிறார், அவை பயங்கரவாதிகள் கைக்குப் போய்விடலாம் என்பதுதான் முன்வைக்கப்பட்ட வாதம். இதில் சந்தேகப்பட இடம் இருந்தது. 1988 மார்ச்சில் ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மீது அவருடைய படை ரசாயனக் குண்டு வீசியதில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். 1991க்குப் பிறகு ஐ.நா. ஆய்வாளர்களிடம் அவருடைய அரசு பலவற்றை மறைத்ததும் உண்மை. மிச்சம் மீதி இருக்குமோ என்று கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சந்தேகத்தை உறுதியான செய்தியாக மாற்றி மக்கள் முன்னால் வைத்தார்களே, கோளாறு அங்கேதான்.

2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசினார். பேச்சின் நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை விரலிடுக்கில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான ஆந்த்ராக்ஸ் பொடி என்னவெல்லாம் செய்யும் என்பதை விளக்கத்தான் அந்தக் குப்பி. ஈராக்கில் கண்டெடுத்த பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மனதில் ஆதாரம் என்று பதிந்தது அந்தக் குப்பிதான். அதே உரையில், லாரிகளில் வைத்து நடத்தும் உயிரியல் ஆயுதக் கூடங்களைப் படம் வரைந்து காட்டினார். அந்தத் தகவல் முக்கியமாக ஒரே ஒரு ஈராக்கியரிடமிருந்து வந்தது. 'கர்வ்பால்' என்பது அவருக்கு உளவுத்துறை வைத்த பெயர். அவர் ஜெர்மன் உளவுத்துறையின் பொறுப்பில் இருந்தார். அமெரிக்க உளவுத்துறை அதுவரை அவரை நேரடியாக விசாரிக்கவே இல்லை. அவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஜெர்மானியர்களுக்கே ஐயம் இருந்தது. 2011இல், தான் சொன்னது கட்டுக்கதை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவல் 2005லேயே சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் பாருங்கள். 2002 நவம்பர் இறுதியிலிருந்து ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 700க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தினார்கள். அனுமதித்த 150 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிப் போகக்கூடியவை என்று அல்-சமூத் 2 ஏவுகணைகளைக் கண்டுபிடித்து, மார்ச் 1 முதல் ஈராக்கைக் கொண்டே உடைக்க வைத்தார்கள். சுமார் 70 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. மார்ச் 7 அன்று, நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதே அவையிலேயே சொன்னார். மிச்ச வேலையை முடிக்க ஆண்டுகள் தேவையில்லை, வாரங்களும் போதாது, மாதங்கள் ஆகும் என்று பிளிக்ஸ் சொன்னார். பதினைந்தே நாளில் போர் தொடங்கிவிட்டது. அதன் பிறகு அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே நாடு முழுக்கத் தேடி, ஆயுதக் கையிருப்பு இல்லை என்று 2004இல் அறிக்கை கொடுத்தது.

சரிபார்க்க ஆள் அனுப்பியிருக்கிறோம், அவர்களும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் சில மாதம் கேட்கிறார்கள். அந்த நிலையில் அவர்களைக் கிளம்பச் சொல்லிவிட்டுக் குண்டு போட்டதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முத்தியால்பேட்டை: சட்டப்படி ஒரு நாடு எப்போது போரில் இறங்கலாம்?

ஐ.நா. சாசனத்தில் இரண்டே வழிதான். தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம், இது 51ஆவது பிரிவு. அல்லது பாதுகாப்பு அவை அனுமதி தர வேண்டும். ஈராக் விஷயத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரு சுற்று வழியைப் பிடித்தன. குவைத்தை மீட்க 1990இல் தந்த அனுமதி, ஈராக் நிபந்தனைகளை மீறியதால் மறுபடி உயிர் பெறுகிறது என்று வாதிட்டன. 2002 நவம்பரில் நிறைவேறிய 1441ஆவது தீர்மானத்தை அதற்குத் துணைக்கு வைத்தன. பெரும்பாலான சர்வதேசச் சட்ட அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானும் 2004 செப்டம்பரில் அந்தப் போர் சட்டவிரோதம் என்று சொன்னார்.

கடலூர் ஓ.டி.: மக்கள் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களே ஓட்டுப் போட்டு அனுமதித்தார்களே ஐயா? அப்புறம் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரை மட்டும் குறை சொல்வது சரியா?

நல்ல கேள்வி. 2003 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் 412 பேர் ஆதரித்தும் 149 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். நாள் முழுக்க நடந்த விவாதம் தரமான விவாதம்தான். முந்தின நாள் பதவி விலகிய ராபின் குக், நான்கு வருடம் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் என்று சொல்லத்தக்கவை அநேகமாக இல்லை என்று விலகிய அன்றே அவையில் எழுந்து நின்று சொன்னார். ஆளுங்கட்சியிலிருந்தே அவ்வளவு பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆகவே யாரும் பேசாமல் இருந்துவிடவில்லை.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது என்ன? அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர் கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிரதமருக்கு நீண்ட கருத்துரை ஒன்று எழுதினார். போருக்கு ஆதரவாக வாதிட இடம் உண்டு, ஆனாலும் பாதுகாப்பு அவையில் இன்னொரு தீர்மானம் வாங்குவதே பத்திரமான வழி, நீதிமன்றம் வேறு மாதிரியும் முடிவு செய்யலாம் என்றெல்லாம் அதில் தயக்கங்கள் இருந்தன. பத்து நாள் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்ததோ சுருக்கமான ஒரு பதில். போர் சட்டப்படியானது என்று சொன்ன அதில் அந்தத் தயக்கங்கள் ஒன்றுகூட இல்லை. முழுக் கருத்துரை 2005இல்தான் வெளியானது. ஈராக் 45 நிமிடத்தில் ஆயுதங்களைத் தயார் செய்துவிடும் என்ற பிரிட்டிஷ் அரசின் 2002 செப்டம்பர் அறிக்கையின் வரியும் இதே கதைதான். அது போர்க்களத்தில் பயன்படும் சிறு ஆயுதங்களைப் பற்றியது என்ற விவரம் அதில் இல்லை.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே 2002 அக்டோபரில் உளவுத்துறையின் விரிவான மதிப்பீடு உறுப்பினர்களுக்குக் கிடைக்கும்படி இருந்தது. அதை முழுக்கப் படித்தவர்கள் வெகு சிலர். செனட் உளவுக் குழுவின் தலைவர் பாப் கிரஹாம் படித்தார், எதிர்த்து வாக்களித்தார். போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. அங்கே படிக்காமல் கையைத் தூக்கியவர்களுக்குப் பொறுப்பில் பங்கு உண்டு. லண்டனில் பெரும் பங்கு, தயக்கங்களை மறைத்தவர்களுக்கு.

2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீது தாக்குதல் நடத்தும் யோசனை அதே லண்டன் அவைக்கு வந்தபோது 285க்கு 272 என்று தோற்றது. அன்று பேசியவர்களில் பலர் ஈராக்கைத்தான் நினைவூட்டினார்கள்.

வில்லியனூர்: பிரான்ஸ் எதிர்த்ததும் தன் எண்ணெய் ஒப்பந்தங்களைக் காப்பாற்றத்தானே? எங்கள் வீட்டிலேயே பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கிறார், இதைப் பேசினாலே சண்டை வருகிறது.

பிரான்சுக்கு ஈராக்கோடு வியாபாரம் இருந்தது உண்மை. அது அரசின் நிலைப்பாட்டில் கொஞ்சமும் கலக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் சொன்னது சரியா என்பதற்கும் அவர் ஏன் சொன்னார் என்பதற்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 14 அன்று வெளியுறவு அமைச்சர் வில்பன் பாதுகாப்பு அவையில் சொன்னது, ஆய்வு பலன் தருகிறது, அதற்கு நேரம் கொடுங்கள் என்பதுதான். அது சரியென்று பின்னால் நிரூபணமாயிற்று.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அல்ஜீரியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்கள், சிலர் அங்கேயும் பணியாற்றியவர்கள். 1954 முதல் 1962 வரை அங்கே நடந்ததை பிரெஞ்சு அரசு ஒழுங்கு காக்கும் நடவடிக்கை என்றுதான் கோப்பில் எழுதியது. போர் என்று சட்டத்தில் ஒப்புக்கொண்டது 1999இல். போரே இல்லை என்று சொல்லிவிட்டால் போரை நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்தும் வேலையும் மிச்சம். 2008இல் திருத்திய பிரெஞ்சு அரசியல் சட்டத்தின்படி இப்போது வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் மூன்று நாளுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நான்கு மாதத்தைத் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும்.

நெய்வேலி: நம் நாட்டில் போருக்கு முன் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. போரும் அமைதியும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன, முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம், முடிவு அமைச்சரவையிடம். போரை ஒட்டி நெருக்கடி நிலை அறிவித்தால்தான் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் தேவை. 1999 கார்கில் சமயத்தில் மக்களவையே கலைந்திருந்தது. மாநிலங்களவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கூட்டவில்லை. ஆனால் போர் முடிந்த கையோடு கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்து, அறிக்கையின் பெரும்பகுதியை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். அதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஈராக் விஷயத்திலும் நம் மக்களவை 2003 ஏப்ரலில் போரைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. இந்தியப் படையை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு ஜூலை 14 அன்று மறுத்துவிட்டது. இருக்கும் அழுத்தத்தில் அது எளிய முடிவு இல்லை.

சிதம்பரம்: ஈராக் வரைக்கும் போவானேன்? 1987இல் அமைதிப்படை இலங்கைக்குப் போனதைப் பற்றி யாராவது இங்கே விவாதித்தார்களா?

இதைக் கேட்டவரின் கோபம் எனக்குப் புரிகிறது. 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நாளே படை இறங்கத் தொடங்கியது. தமிழர்களைப் பாதுகாக்கவும் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கவும் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. கடைசி வீரர்கள் திரும்பியது 1990 மார்ச்சில். சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டார்கள்.

எந்த வேலைக்கு என்று சொல்லி அனுப்பினார்களோ அந்த வேலை அக்டோபரில் மாறிவிட்டது. மாறிய அன்றே டெல்லியில் முதலிலிருந்து கேட்டிருக்க வேண்டும்: இப்போது எதற்காக இருக்கிறோம், எது நடந்தால் திரும்புவோம், திரும்பும்வரை அங்குள்ள சனங்களுக்கு யார் பொறுப்பு? கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் கேட்டு முடிவெடுக்கும் கட்டாயம் அரசுக்கு இல்லை. போருக்கான காரணத்தைத் தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தது இதை வைத்துத்தான்.

காலாப்பட்டு: 1971 மட்டும் நியாயமான போரா?

என் கருத்தில் ஆம். சுமார் ஒரு கோடி அகதிகள் வந்திருந்தார்கள், டிசம்பர் 3 அன்று விமானத் தாக்குதலைத் தொடங்கியது பாகிஸ்தான். ஆனாலும் ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தம் கேட்டு வாக்களித்தன, நம் பக்கம் நின்றவை, நம்மையும் சேர்த்து, 11. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் உலகம் அப்படிப் பார்க்காமல் போகலாம் என்பதற்கு இது நம் சொந்த உதாரணம்.

கடலூர் முதுநகர்: 1783இல் கடலூரில் நடந்த போர் எதற்காக நடந்தது?

அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்ததால் இங்கேயும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடலூருக்குள் இருந்தார், ஜூன் 13 அன்று ஆங்கிலேயப் படை தாக்கியது. ஆங்கிலேயர் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் ஆயிரம் பேர். இரு தரப்பிலும் சிப்பாய்கள் நம் ஆட்கள். இதில் மனதைப் பிசைவது என்னவென்றால், இரு அரசுகளும் ஐரோப்பாவில் முன்னோட்ட சமாதானத்தில் ஜனவரி 20 அன்றே கையெழுத்திட்டுவிட்டன. கப்பலில் செய்தி வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது.

அரியாங்குப்பம்: உக்ரைன் மீது ரஷ்யாவும் தற்காப்பு என்றுதானே சொன்னது?

ஆமாம், அதே 51ஆவது பிரிவைத்தான் சொன்னது. கிழக்கில் இனப்படுகொலை நடக்கிறது என்றும் சொன்னது. அதற்கு ஆதாரம் எதையும் தான் பார்க்கவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2022 மார்ச் 16 அன்று சொல்லி, படை நடவடிக்கையை நிறுத்தும்படி 13க்கு 2 என்ற பெரும்பான்மையில் இடைக்கால உத்தரவு போட்டது. ஈராக்குக்கு வைத்த அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும். 'அவர்கள் செய்யவில்லையா' என்பது பதிலாகாது.

உருளையன்பேட்டை: எல்லையில் வீரர்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இங்கே உட்கார்ந்து காரணம் கேட்பது தேசத் துரோகம் இல்லையா?

நம் ஊர் நூலகத்துக்கு ரோமன் ரோலண்ட் பெயரை வைத்திருக்கிறோம். 1914இல் பிரான்ஸ் முழுக்கப் போர் வெறியில் இருந்தபோது, ஜெனீவாவிலிருந்து அதை எதிர்த்து எழுதியவர் அவர். சொந்த நாட்டில் துரோகி என்று ஏசினார்கள். 1915ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் அவருக்குத்தான். அந்தப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது, நவம்பர் 11 தோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். நான் அந்த நூலகத்துக்கும் போவேன், அந்தச் சின்னத்தின் முன்னாலும் நிற்பேன். உயிரைக் கொடுப்பவருக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்ற உண்மை தெரிய வேண்டும். அதை அவருக்காகக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

காரைக்கால், மாணவர்: விவாதப் போட்டியில் ஈராக் போரை ஆதரித்துப் பேசும் பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது. என்ன பேசட்டும் சார்?

ஹலப்ஜாவில் தொடங்குங்கள் தம்பி. ஈரான் போரிலும் சதாம் ரசாயன ஆயுதம் பயன்படுத்தினார், 1990இல் குவைத்தை விழுங்கினார், பன்னிரண்டு வருடமாகத் தீர்மானங்களை மீறினார். பொருளாதாரத் தடையால் செத்தவர்கள் சாதாரண ஈராக்கியர்கள்தான், அதை அப்படியே நீட்டித்துக்கொண்டிருப்பதும் கருணை ஆகாது. எல்லையில் படை நின்றதால்தான் ஆய்வாளர்களையே அவர் உள்ளே விட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வலுவான வாதம் அது.

எதிரணி உங்களிடம் ஒன்று கேட்கும்: ஏன் மார்ச்? பிளிக்ஸ் கேட்ட மாதங்களைக் கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அங்கேதான் நீங்கள் திணறுவீர்கள். சதாமால் உடனடி ஆபத்து அப்போது இல்லை, சமாதான வழிகள் தீர்ந்தும் போகவில்லை என்று பிரிட்டனின் சில்காட் குழு ஏழு வருடம் விசாரித்து 2016இல் எழுதியிருக்கிறது. அதற்கு மறுப்பு தேடிக்கொண்டு மேடை ஏறுங்கள். பேச்சை எழுதி அனுப்பினால் தேதிகளையும் எண்களையும் சரிபார்த்துத் தருகிறேன்.