ஹீட்டர் வாங்குவதற்கு முன்: மலைக் குளிரும் வயதான பெற்றோரும்

நவம்பர் கடைசியில் ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கும். ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அங்கேயே வாழும் முதியவர்களுக்கு அப்புறம் மூன்று மாத இரவுகள் இருக்கின்றன. வந்திருக்கும் கேள்விகளில் இதைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு 73. ஊட்டியில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். நான் கோவையில் இருக்கிறேன். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும், 235 ரூபாய் பில் வரும். போன டிசம்பரில் 2000 வாட் புளோயர் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன். தினமும் நாலு மணி நேரம் போட்டார்கள். அடுத்த பில் 3,600 ரூபாயைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே அப்பா ஹீட்டரைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார். "நாங்க இந்தக் குளிர்லயே பொறந்து வளர்ந்தவங்க" என்கிறார். என்ன செய்வது?

பில்லில் தப்பு இல்லை. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட் எடுக்கும். நாலு மணி நேரம், அறுபது நாள் என்றால் 480 யூனிட். வழக்கமான 200உடன் சேர்த்து 680. 2024 ஜூலையில் உயர்ந்த வீட்டுக் கட்டணப்படி பார்த்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 300க்கு 4.70 வீதம், அதற்கடுத்த நூறுக்கு 6.30, அதற்கடுத்த நூறுக்கு 8.40, மிச்சம் 80க்கு 9.45. கூட்டினால் 3,636 ரூபாய் வருகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு படி இருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும்வரை 101லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 500ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையே போய், அதற்கும் 4.70 ஆகிவிடும். அதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், 510 யூனிட் ஓடினால் 2,124 ரூபாய் கட்ட வேண்டும். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! குளிர்கால பில்லில் நீங்கள் காக்க வேண்டிய கோடு இந்த 500தான். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கையில் உள்ள பில்லின் விகிதத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலையாக இருப்பது அப்பா சொல்லும் காரணம். குளிரிலேயே பிறந்து வளர்ந்தது உண்மைதான். ஆனால் வயதாக ஆக, உடம்பு குளிரை உணர்வதும் நடுங்கிச் சூடு உண்டாக்குவதும் குறைந்துவிடும். "எனக்குக் குளிரலையே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே சில்லிட்டுப் போகிறவர்கள் உண்டு. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தமும் ஏறும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதியவர்களுக்கு அதற்கு மேல் இருந்தால் நல்லது. சில நூறு ரூபாய்க்கு அறை வெப்பமானி கிடைக்கிறது. முதலில் அதை வாங்கி அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். "குளிருதா இல்லையா" என்று அப்பாவோடு வாதாட வேண்டாம், எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து, அறைக்குச் சூடு வேண்டுமா, அப்பாவுக்குச் சூடு வேண்டுமா என்று பாருங்கள். உயரமான கூரையும் இடுக்கு விட்ட ஜன்னலும் உள்ள கூடத்தை 2000 வாட்டில் சூடாக்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. இந்த மூன்று மாதமும் இருவரும் ஒரே ஒரு சின்ன அறையில் மாலையிலிருந்து இருக்கட்டும். கட்டிலை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் உள்சுவர் பக்கம் நகர்த்துங்கள். கதவடி இடுக்குக்குப் பழைய சேலையைச் சுருட்டித் தைத்து வைத்தாலே போதும். ஜன்னலுக்குத் தரைவரை தொங்கும் கனமான திரை, சிமெண்டுத் தரைக்கு ஒரு ஜமுக்காளம். தகரக் கூரை என்றால் அந்த ஒரு அறைக்கு மட்டுமாவது கீழே ஒரு சீலிங் அடித்துவிடுங்கள். ஹீட்டருக்குக் கொடுக்கும் காசைவிட அது நன்றாக உழைக்கும். பகலில் வெயில் விழும்போது திரையை முழுக்க விலக்கி, மதியம் ஒரு கால் மணி நேரம் ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். அடைத்தே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடித்து, இருமல் வேறு சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் எலக்ட்ரிக் பிளாங்கெட். மெத்தைமேல் விரித்து, அதன்மேல் படுக்கை விரிப்புப் போட்டுப் படுக்கும் வகை. ஒருவர் படுக்கும் அளவு சுமார் 100 வாட்தான். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுவிட்டு, பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் குறைவில் வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்டுக்கு மேல் போகாது. அதை மடித்து வைக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்தால் உள்ளே கம்பி ஒடியும். மறதி நோய் உள்ளவர்கள், படுக்கையில் சிறுநீர் போகிறவர்கள், சுவிட்சைத் தாங்களே அணைக்க முடியாதவர்கள் இவர்களுக்கு இது வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதோடு அந்தச் சின்ன அறையில் பழைய ஹீட்டரையே 1000 வாட்டில் வைத்து, விடியற்காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் போடட்டும். அது 120 யூனிட். வழக்கமான 200, ஒரு பிளாங்கெட்டின் 18 எல்லாம் சேர்த்து 338 யூனிட், பில் சுமார் 884 ரூபாய். அப்பாவிடம் மொத்தத் தொகையைச் சொல்லாதீர்கள். "ஒரு மணி நேரத்துக்கு 4 ரூபாய் 70 காசுப்பா, கடையில ஒரு டீக்குக்கூடப் பத்தாது" என்று சொல்லுங்கள். மின் இணைப்பு எண் இருந்தால் கோவையிலிருந்தே நீங்கள் பில் கட்டிவிடலாம். பில் கைக்கு வராத வீட்டில் ஹீட்டர் அலமாரிக்கு ஏறாது என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாமனாருக்காக ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போனேன். ராடு, புளோயர், ஆயில் என்று மூன்று வகை காட்டினார்கள். "ராடு ஹீட்டர் ஆக்ஸிஜனை எரிச்சுடும், ஆயில்தான் கரண்ட் மிச்சம்" என்றார் விற்பனையாளர். இணையத்தில் 400 வாட்டில் வீடு முழுக்கச் சூடாக்கும் குட்டி ஹீட்டர் என்று ஒரு விளம்பரமும் வருகிறது. எதை நம்புவது? (கோத்தகிரி)

இந்த மூன்று பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,200 ரூபாய் ஹீட்டரும் 12,000 ரூபாய் ஹீட்டரும் அந்த ஒரு யூனிட்டிலிருந்து தருவது ஒரே அளவு சூடுதான். அதை எங்கே, எவ்வளவு சீக்கிரம் தருகிறது என்பதில்தான் வித்தியாசம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. 400 வாட் குட்டி ஹீட்டர் என்பது அறைக்குள் நாலு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்த மாதிரி. வீடு முழுக்க எப்படிச் சூடாகும்?

கரண்ட்டில் ஓடும் எந்த ஹீட்டரும் எதையும் எரிப்பதில்லை, ஆக்ஸிஜனும் குறையாது. அந்தப் பயம் கரிக்கும் கேஸுக்கும் உரியது.

சிவப்பாக ஒளிரும் ராடு வகை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை நேராகச் சுடும். மாமனார் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பவர் என்றால், 400 வாட் ராடு ஒன்றை மட்டும் போட்டு ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே இதமாக இருக்கும். செலவு குறைய இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் சால்வை நுனி பட்டால் தீப்பிடிக்கும். கூட ஆள் இருக்கும்போது மட்டும்தான் இது. புளோயர் காற்றைச் சீக்கிரம் சூடாக்கும், அணைத்ததும் சீக்கிரமே ஆறும். குளித்துவிட்டு வந்து உடை மாற்றும் பத்து நிமிடத்துக்கு நல்லது. ஆயில் ஹீட்டர் சூடேற அரை மணி நேரம் ஆகும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு தாங்கும், சத்தம் இல்லை, நெருப்பாய் ஒளிரும் பாகம் இல்லை. தெர்மோஸ்டாட் இருப்பதால் அறை சூடானதும் தானே நின்றுகொள்ளும்; விற்பனையாளர் சொன்ன மிச்சம் அதிலிருந்து வருவதுதான். மறதி உள்ள பெரியவர் படுக்கும் அறை என்றால், விலை கூடினாலும் நான் ஆயில் ஹீட்டரைத்தான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் கவிழ்ந்தால் தானே அணையும் சுவிட்ச் இருக்கிறதா என்று கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பழைய பங்களா வயரிங் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நாள் முழுக்கச் சூடு வேண்டும் என்றால் மட்டும் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசியை யோசிக்கலாம். அது வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். வாங்கும் விலை அதிகம். தினம் இரண்டு மணி நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறோம். மாமியார் ராத்திரி இரும்புச் சட்டியில் கரி போட்டு, கணகணவென்று ஆனதும் படுக்கை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறார். "அம்பது வருஷமா வைக்கிறேன், புகையே இல்லை பாரு" என்கிறார். கரி செலவும் குறைவுதான். தொடரலாமா?

கூடாது. இன்றைக்கு ராத்திரியே நிறுத்துங்கள்.

புகை இல்லாத கரிதான் ஆபத்து. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஐம்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்றால், அன்றைய ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருந்தது, கதவிலும் சந்து இருந்தது. இன்றைக்குக் கான்கிரீட் கூரையும் காற்றுப் புகாத அலுமினிய ஜன்னலும் வந்துவிட்டன. மாமியார் மாறவில்லை, வீடு மாறிவிட்டது. அவரிடம் இதையே சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொள்வார்.

புகைபோக்கி உள்ள பழைய கணப்பு அடுப்பு வேறு விஷயம். வருஷம் ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்தால் எரிக்கலாம். கேஸ் ஹீட்டர், குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசர் இரண்டுக்கும் கரியின் ஆபத்தே உண்டு. அடைத்த அறையில் வேண்டாம். யாராவது அப்படி மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஹீட்டர் ஐந்தாம் நாளே கருகிய வாடை அடித்து நின்றுவிட்டது. "ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். 2,300 ரூபாய் போனது போனதுதானா?

போகவில்லை. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள் சொல்கின்றன. விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கருகிய இடத்தைப் படம் எடுத்து, பில்லோடும் பெட்டியோடும் பத்திரமாக வையுங்கள். தயவுசெய்து பக்கத்துக் கடையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பாதம் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று ஹாட் வாட்டர் பேக் கேட்கிறார். வாங்கலாமா?

படுக்கையைச் சூடாக்க வாங்குங்கள், பாதத்தில் வைக்க வேண்டாம். சர்க்கரை நோயில் பாதம் உணர்விழந்திருந்தால் சுடுவதே தெரியாது. என் அம்மாவுக்கு அப்படித்தான் காலையில் கொப்புளத்தைப் பார்த்தோம். ஆற இரண்டு மாதம் ஆனது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றாமல், துண்டில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கால் பக்கம் போர்வைக்குள் வைத்துவிட்டு, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். பாதத்துக்கு இறுக்கமில்லாத கம்பளி சாக்ஸ் போதும். தலைக்குக் குல்லா, உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு நன்றாகச் சூடு காக்கும். குளிருக்கு என்று பிராந்தி கொடுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள். தோலில் சூடு தெரியும், உள்சூடு வெளியேறிவிடும். ஒருநாள் காலையில் அம்மா பேச்சுக் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாக எழ மனமில்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.