ஐந்து நாள் பயிற்சியில் காலநிலைக்கு எங்கே இடம்?

வணக்கம் ஐயா. திருமங்கலம் பக்கத்துக் கல்லூரியில் மின்னியல் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடத்தவிருப்பதாகவும், காலநிலை மாற்றத்தைக் கடைசி நாள் உரையாக மட்டுமே அவர்கள் ஏற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த உரையையே எடுத்துவிடுங்கள். தனியாக வைத்தால் அது தேர்வுக்கு வராத பகுதியாகத்தான் நின்றுவிடும்.

அவர்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் போடுகிற கணக்குகளிலிருந்தே தொடங்குங்கள். மின்மாற்றியின் இழப்பு 100 யூனிட் என்று விடை வந்ததும், நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால் அது 70 கிலோ என்று இன்னொரு வரியும் எழுதச் சொல்லுங்கள். நான் நடத்திய பயிற்சியில் மூத்த பேராசிரியர் ஒருவர் அந்த வரியை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தம் பாடக்குறிப்பைத் திருத்திக்கொண்டு வந்தார்.

ஒரு நாளைக் கமுதிக்கு ஒதுக்குங்கள். 2016-இல் நிறுவப்பட்ட 648 மெகாவாட் சூரியமின் நிலையத்தைப் பகலில் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்து ஊர்களில் விளக்கெரியும் நேரத்தில் திரும்பும்போது, இப்போது இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வண்டியிலேயே கேளுங்கள். தூத்துக்குடி நிலக்கரி, ஆடிக்காற்றில் சுழலும் தேனிக் காற்றாலைகள், லோயர் கேம்ப் நீர்மின் நிலையம், மின்கலச் சேமிப்பு என்று பேச்சு தானாக விரியும். அந்த உரையாடலே நல்ல பாடத்திட்டம்.

கடைசி நாளில் ஒவ்வொருவரும் கால்மணி நேரம் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக அமர்ந்து கேள்வி கேட்கட்டும். இதை மட்டும் நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.