இறுதியாண்டில் பிராஜெக்ட், குழு செமினார், தனி செமினார் மூன்றும் ஒன்றாக வந்தால் எப்படிச் சமாளிப்பது?

நான் சமாளித்த கதையைவிட மாட்டிக்கொண்ட கதைதான் உங்களுக்குப் பயன்படும். அதையே சொல்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தேன். எட்டாம் பருவத்தில் நால்வர் சேர்ந்து செய்யும் பிராஜெக்ட், விருப்பப் பாடத்தில் ஆறு பேர் சேர்ந்து பேசவேண்டிய செமினார், தனியாக ஒரு டெக்னிகல் செமினார். நீங்கள் கேட்டிருக்கும் அதே மூன்றும்தான்.

எங்கள் பிராஜெக்ட், கான்கிரீட்டில் ஜல்லியின் ஒரு பங்குக்குப் பதிலாக உடைத்த கொட்டாங்கச்சியைப் போட்டால் வலிமை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. கொட்டாங்கச்சி போடாத கலவை, 10 விழுக்காடு, 20 விழுக்காடு என்று மூன்று கலவைகள். ஒவ்வொன்றிலும் 150 மி.மீ. பக்கமுள்ள க்யூப் (கனசதுரக் கட்டி) ஆறு: வலிமை பார்க்க மூன்றை 7-ஆம் நாள் அழுத்தி உடைக்கவேண்டும், மூன்றை 28-ஆம் நாள். அதுவரை தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். ஆக மொத்தம் 18. ஒரு க்யூப் ஏறத்தாழ எட்டு கிலோ. தொட்டியிலிருந்து தூக்கித் தூக்கி என் அறைத்தோழிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

வேலையை அழகாகப் பிரித்துக்கொண்டோம். ஒருவன் கலவைக் கணக்கு, நானும் அறைத்தோழியும் வார்ப்பும் சோதனையும், இன்னொருவன் ஸ்லைடும் அறிக்கையும். பிரித்த கையோடு நிம்மதியாகப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து வார்க்கத் தொடங்கினோம். லேபில் எங்களுக்குக் கிடைத்தவை ஆறே மோல்டுகள், அதாவது க்யூப் வார்க்கும் அச்சுகள். அதனால் ஒரு கலவை வார்த்து, மறுநாள் மோல்டைக் கழற்றி, அடுத்த கலவை. 20 விழுக்காட்டுக் கலவையை ஜனவரி 27 அன்று வார்த்தோம். தேர்வாளர் முன் பிராஜெக்டைக் காட்டவேண்டிய இரண்டாவது ரிவ்யூ பிப்ரவரி 20.

ரிவ்யூ அன்று அந்தக் கலவையின் 28-ஆம் நாள் வலிமை ச.மி.மீ.க்கு 18.2 நியூட்டன் என்று ஸ்லைடு காட்டியது. அடுத்த ஸ்லைடில் தொட்டியருகே அடுக்கிய க்யூப்களின் படம். க்யூபின் முகத்தில் பெயின்ட்டில் 27/1 என்று எழுதியிருந்தது. எழுதியவள் நானே. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இன்றைக்கு என்ன தேதி?"

அவர் விரல்விட்டு எண்ணியதில் 24 நாள்தான் வந்தது.

ஏழாம் நாள் வலிமை 28-ஆம் நாள் வலிமையில் ஏறத்தாழ 65 விழுக்காடு இருக்கும் என்பது சிவில் மாணவர்களுக்கு மனப்பாடம். ஸ்லைடு செய்தவன் நான் கொடுத்த 7-ஆம் நாள் வலிமை 11.8-ஐ 0.65-ஆல் வகுத்து, காலிக் கட்டத்தில் நிரப்பிவிட்டான். உத்தேசம் என்று ஒரு சொல் சேர்க்க மறந்துவிட்டான். ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். என் கோபம் எங்கள் நால்வர் மேலும்தான். நான் ஒருமுறை அந்த ஸ்லைடைப் பார்த்திருந்தால் போதும், வார்த்தவளுக்குத் தேதி தெரியாதா? யாரும் அடுத்தவர் பகுதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இறுகிப்போன கான்கிரீட்டின் மேல் மறுநாள் புதுக் கான்கிரீட்டைக் கொட்டினால் நடுவே கோல்டு ஜாயின்ட், அதாவது சரியாக ஒட்டாத இணைப்பு விழும், தண்ணீர் அந்த வழியாகத்தான் கசியும். எங்கள் பகுதிகளுக்கு நடுவிலும் விழுந்தது அதுதான். வகுப்பில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம்.

நான்கு நாள் கழித்து உண்மையிலேயே உடைத்தபோது மூன்று க்யூபின் சராசரி 370 கிலோநியூட்டன், அதாவது ச.மி.மீ.க்கு 16.4 நியூட்டன். உத்தேசத்துக்கும் உண்மைக்கும் அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியே பின்னால் அறிக்கையில் எங்களுக்கு எழுத நல்ல விஷயமாக அமைந்தது என்றாலும் ரிவ்யூவில் போன மதிப்பெண் போனதுதான்.

அதன் பிறகு இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, அவசரப்படுத்த முடியாதவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுவது. கொட்டாங்கச்சி தண்ணீரை நிறைய உறிஞ்சும், அதனால் கலப்பதற்கு முன் ஒரு நாள் ஊறவேண்டும். மோல்டில் ஒரு நாள். க்யூரிங்குடன் (தண்ணீரில் வைத்து இறுகவிடுவது) சேர்த்து 28 நாள். கைடின் கையெழுத்து, பைண்டிங் கடை. இவற்றைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எங்களைப்போல் வார்க்காமல் ஊருக்குப் போகாதீர்கள். பொங்கலுக்கு முன் வார்த்திருந்தால், நாங்கள் கரும்பு தின்றுகொண்டிருந்த நாட்களிலும் க்யூப் தொட்டியில் இறுகிக்கொண்டிருந்திருக்கும். உங்கள் துறையில் கான்கிரீட் இருக்காது. சர்வே படிவம் திரும்பி வருவதோ, ஓர் அலுவலக அனுமதியோ இருக்கும். இரவு முழுக்க விழித்தாலும் அவை நகரா. ஸ்லைடை ஓரிரவில் செய்துவிடலாம்.

இரண்டாவது, பேசுவதற்கு முந்தின மாலை ஒவ்வொருவரும் அடுத்தவர் பகுதியைப் பேசிக்காட்டுவது. அரை மணி நேரம் போதும். எனக்கு விடுதிக்குள் ஆறரைக்குத் திரும்பவேண்டும் என்பதால் அரை மணிக்கு மேல் கிடைக்கவும் இல்லை. தடுமாறும் இடம்தான் தேர்வாளர் கேட்கப்போகும் இடம்.

ஆறு பேர் குழு வேறு ரகம். நால்வரில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் ஆறு, அறுவரில் பதினைந்து. வாட்ஸ்அப்பில் "சரி", "ஓகே", கட்டைவிரல் என்று நாள் முழுக்க வந்து கொட்டும், வேலை நகராது. நாங்கள் இருவர் இருவராக மூன்று ஜோடியாகி, ஜோடிக்கு ஒருவர் மட்டும் பொதுவில் பேசுவது என்று வைத்தோம். உடனே சத்தம் அடங்கியது.

வேலை செய்யாத ஆளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் கலவைக் கணக்குக்காரன் கணக்கை முடித்த பிறகு லேபுக்கே வரமாட்டான். முதலில் திட்டினோம். பிறகுதான் உறைத்தது: அவன் பொள்ளாச்சியிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வருபவன், பேருந்து நாலரைக்குக் கிளம்பும், எங்களுக்கு லேப் கிடைப்பதோ நாலு மணிக்கு. பொள்ளாச்சியில் கொட்டாங்கச்சிக்கா பஞ்சம்? பொறுக்கி, நார் சுரண்டி, 20 மி.மீ. சல்லடைக்கு அடங்கும்படி சுத்தியலால் உடைத்துச் சாக்கில் கட்டிவரும் வேலையை அவனிடம் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மாவும் சேர்ந்து உடைத்தாராம். சும்மா இருப்பவர்களும் உண்டுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கைடிடம் புகார் சொல்வதற்கு முன் அவர்களின் பேருந்து நேரத்தைக் கேட்டுப்பாருங்கள்.

மற்றவை சில்லறை. கோப்பு ஒன்றே ஒன்று இருக்கட்டும், பிடிஎஃப் நகல் பென்டிரைவில் தனியாக. தமிழ் எழுத்து இருந்தால் நீங்கள் பேசப்போகும் அறையின் கணினியிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

தனி செமினாருக்கு மட்டும் நான் புதிதாக எதுவும் படிக்கவில்லை. க்யூரிங் முறைகளையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று பொறுப்புப் பேராசிரியரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டேன். ரிவ்யூவில் நடந்தது அதற்குள் துறை முழுக்கத் தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே, "28 நாள் பற்றி உன்னைவிட யார் நன்றாகப் பேசப்போகிறார்கள், எடுத்துக்கொள்" என்றார்.