பனிக்குப் போய்த் திரும்பிய ஓட்டக்காரர்: கிளென்ராய் கில்பர்ட் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஓட்டத்தில் ஓய்வு பெற்ற பிறகுதானே கனடாவின் கில்பர்ட் பாப்ஸ்லெட்டுக்கு (பனித்தடத்தில் சறுக்கும் வண்டிப் பந்தயத்துக்கு) போனார்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது சரியல்ல, வரிசையைப் பாருங்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டினார். 1993 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் 4x100 ரிலே வெண்கலம். 1994 பிப்ரவரியில் நார்வேயின் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட். அதே ஆண்டு ஆகஸ்டில் விக்டோரியா காமன்வெல்த் போட்டியில் ரிலே தங்கம். 1995இல் உலகத் தங்கம், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரிலே தங்கம், 1997இல் மறுபடியும் உலகத் தங்கம். பெரிய வெற்றிகள் எல்லாமே பனிக்குப் போய் வந்த பிறகுதான்.

கேள்வி: ஜமைக்கா பாப்ஸ்லெட் அணியில் இருந்தவர்தானே?

இல்லை. அது 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக் கதை. இவர் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்து, ஒட்டாவாவில் வளர்ந்து, கனடாவுக்காக இறங்கியவர். ஒட்டாவாக்காரருக்குப் பனி புதுசா என்ன!

கேள்வி: சறுக்கிப் போகிற வண்டிக்கு ஓட்டக்காரர் எதற்கு?

சறுக்குவதற்கு முன்னால் தள்ள வேண்டுமே! நால்வர் வண்டி மட்டுமே 210 கிலோவுக்குக் குறையாது. அசையாமல் நிற்கிற அதை, ஊசி ஊசியாக ஆணி பதித்த காலணியோடு நாலு பேரும் பனிக்கட்டியில் ஓடித் தள்ள வேண்டும். முதல் 50 மீட்டருக்கு ஏறக்குறைய 5 வினாடிதான். ஓடும்போதே ஒவ்வொருவராக உள்ளே தாவுவார்கள். முதலில் ஓட்டுநர், கடைசியில் பிரேக்மேன். ஒரு கால் இடறினால் தீர்ந்தது. மேலே 0.1 வினாடி தவறவிட்டால் கீழே 0.3 வினாடி போகும் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கணக்கு. உட்கார்ந்தபின் தள்ளியவர்களுக்கு வேலை கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு, வளைவுகளில் உடம்பை அழுத்தும் கனத்தைத் தாங்க வேண்டியதுதான். எல்லைக்கோடு தாண்டும் வரை பிரேக்கைத் தொடவும் கூடாது.

நின்ற நிலையிலிருந்து வேகமெடுப்பதுதான் 100 மீட்டர்காரர்களின் தொழில். ஆனால் உடல் எடையும் வேண்டும், அதனால் ஒல்லியான ஓட்டக்காரர்கள் இங்கே திணறுவார்கள்.

கேள்வி: அப்படியானால் அட்லாண்டா தங்கத்துக்கு பாப்ஸ்லெட்தான் காரணமா?

அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். அந்த அணியே அபாரமானது: எஸ்மி, கில்பர்ட், சுரின், பெய்லி. முதலில் ஓடிய எஸ்மி தலைமுடியில் 'பிளாஸ்ட் ஆஃப்' என்று எழுத்து வெட்டிக்கொண்டு வந்து நின்றார். கில்பர்ட்டுக்கு இரண்டாவது ஓட்டம். 37.69 வினாடி, சொந்த மண்ணில் அமெரிக்காவுக்கு வெள்ளி. நால்வரும் கரீபியத் தீவுகளில் பிறந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: கோடை, குளிர்காலம் என இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய ஓட்டக்காரர் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் லாரின் வில்லியம்ஸ். 2012 லண்டனில் ரிலே தங்கம், 2014 சோச்சியில் பாப்ஸ்லெட் வெள்ளி. அங்கே தங்கம் போனது வெறும் 0.10 வினாடியில்.

கேள்வி: கில்பர்ட் அப்புறம் என்ன ஆனார்?

பயிற்சியாளரானார். 2017இல் கனடா தடகளத்தின் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு வந்தார். அட்லாண்டாவின் 37.69 இருபது ஆண்டுகள் கனடாவின் தேசிய சாதனையாக நின்றது. 2016 ரியோவில் 37.64 ஓடி அதை உடைத்த ரிலே அணிக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரேதான்.